கொரிய எழுத்தும் கணிப்பொறியும்

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியை முதலில் செய்யும் வேலை, வருகைப் பதிவேட்டைத் திறந்து நம் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பதாகும். "உள்ளேன் அம்மா" என்று நாமும் எழுந்து மறுமொழி கூறுகிறோம். எத்தனை முறை கேட்டாலும், நம் பெயர் பிழையின்றி வாசிக்கப்படும்போது உள்ளத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி பிறக்கத்தான் செய்கிறது. ஒரு நாள் அந்தப் பதிவேடே, "இந்த மாணவியின் பெயரில் உள்ள ஓர் எழுத்து என்னிடம் இல்லை, வேறு ஏதாவது எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இது வெறுங் கற்பனை அன்று. தென்கொரியாவில் சிலருக்கு உண்மையாகவே இவ்வாறு நேர்ந்தது. அவர்கள் மொழியில் எழுத்து இருந்தது. கையால் எழுதினால் பெயர் ஒழுங்காக வந்தது. கணிப்பொறியிலே மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை, பின்னர் எப்படி வந்தது என்பதை நாம் இக்கட்டுரையில் காண்போம். கணிதமும் மொழியும் ஒன்றாய்க் கைகோக்கும் இடம் இது. ஆதலால் கணக்கென்றால் அஞ்சும் தோழியரும் அஞ்சாமல் உடன் வரலாம். பெருக்கலும் கூட்டலும் வகுத்தலும் தெரிந்திருந்தால் போதும்.

மக்களுக்கென்று பிறந்த எழுத்து

கொரிய மக்களுக்குச் சொந்தமாய்ப் பேச்சு இருந்தும், நெடுங்காலம் சொந்தமாய் எழுத்து இருந்ததில்லை. அண்டை நாடாகிய சீனாவின் எழுத்துகளையே அவர்கள் எடுத்தாண்டு வந்தனர். அவை ஒலியைக் காட்டும் எழுத்துகள் அல்ல. சொல்லுக்குச் சொல் வெவ்வேறு வடிவம். ஆயிரக்கணக்கான வடிவங்களை மனத்தில் இருத்தினால்தான் ஒரு நூலைப் படிக்க இயலும். ஓய்வும் வசதியும் உடைய சிலருக்கே அது கைகூடிற்று. உழவர்களும் தொழிலாளரும் பெண்களும் எழுத்துக்கு வெளியே நின்றனர்.

இந்நிலையை மாற்ற எண்ணினார் ஜோசன் மரபின் நான்காம் மன்னராகிய சேஜோங். 1443-ஆம் ஆண்டில் 28 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கு ஒன்று அவரால் உருவாயிற்று. 1446-இல் அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. 'மக்களுக்குக் கற்பிப்பதற்கான செம்மையான ஒலிகள்' என்பது அன்று அதற்கு இடப்பட்ட பெயரின் பொருளாகும். இன்று நாம் அதனை ஹங்குல் என்கிறோம். அந்த 28 எழுத்துகளில் நான்கு வழக்கொழிந்து, இன்று 14 மெய்யும் 10 உயிருமாக 24 அடிப்படை எழுத்துகள் உள்ளன.

இவ்வெழுத்துகளின் வடிவமே ஒரு பாடம் எனலாம். சில மெய்யெழுத்துகள் அவ்வொலி பிறக்கும்போது வாயுறுப்புகள் நிற்கும் நிலையைக் காட்டுகின்றன. 'ன்' என்னும் ஒலிக்குரிய வடிவம் நம் டகரத்தைப் போல் தோன்றும். நாக்கின் நுனி மேலெழுந்து அண்ணத்தைத் தொடும் நிலை அது. 'ம்' என்னும் ஒலிக்கு ஒரு சிறு சதுரம். அது வாயின் வடிவம். உயிரெழுத்துகளோ புள்ளி, படுக்கைக்கோடு, நிலைக்கோடு என்னும் மூன்றிலிருந்து பிறந்தவை. அவை முறையே வானத்தையும் நிலத்தையும் மனிதனையும் குறிப்பன.

புதிய எழுத்தைக் கற்றோர் பலர் வரவேற்கவில்லை. சோ மல்லி என்னும் அறிஞர் முதலானோர் 1444-இல் மன்னருக்கு எதிர்ப்பு விண்ணப்பமே எழுதினர். பின்னரும் நெடுங்காலம் அதனை இழிவாக எண்ணி, 'பெண்கள் எழுத்து' என்று எள்ளி நகைத்தவர் உண்டு. அந்த ஏளனத்திலும் ஓர் உண்மை இருந்தது. அவ்வெழுத்தை அழியாமல் காத்தவர்களுள் பெண்கள் முதன்மையானவர்கள். அரண்மனையிலும் இல்லங்களிலும் அவர்கள் மடல்களும் கதைகளும் அதில் எழுதினர். ஹேக்யோங் சீமாட்டி 1795 முதல் 1805 வரை எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகள் இன்றும் கொரிய இலக்கியத்தின் செல்வமாகப் போற்றப்படுகின்றன. நம் திருச்சபைக்கும் இவ்வெழுத்தோடு உறவுண்டு. 1801-இல் மறைசாட்சியாக உயிர் நீத்த அகுஸ்தீன் ஜோங் யாக்-ஜோங், எளிய மக்களும் படிக்க வேண்டும் என்று தம் மறைக்கல்வி நூலை ஹங்குலிலேயே எழுதினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2014-ஆம் ஆண்டு சியோல் நகரில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

எழுத்துகள் கூடி அமரும் முறை

ஆங்கில எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். கொரிய எழுத்துகள் அவ்வாறு நிற்பதில்லை. இரண்டு மூன்று எழுத்துகள் ஒன்றாய்க் கூடி, ஒரு சதுரக் கட்டத்துக்குள் அமர்ந்துகொள்ளும். அந்தக் கட்டம் ஓர் அசையாகும். அதாவது ஒரு மூச்சில் ஒலிக்கும் பகுதி.

'ஹன்' என்னும் அசையை எடுத்துக்கொள்வோம். ஹகர மெய் இடப்பக்கம் மேலே அமரும். அகர உயிர் அதன் வலப்பக்கம் நிற்கும். 'ன்' இரண்டுக்கும் கீழே தாங்கி நிற்கும். மூன்றும் சேர்ந்து பார்வைக்கு ஒரே எழுத்தாய்த் தோன்றும். 'ஹங்குல்' என்னும் பெயரின் முதல் அசை இதுவே.

ஒவ்வோர் அசைக்கும் முதலில் ஒரு மெய், அடுத்து ஓர் உயிர் கட்டாயம் வேண்டும். இறுதி மெய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அசை உயிரொலியில் தொடங்கினால் முதலிடத்தைக் காலியாக விடாமல், ஒலியற்ற சிறு வட்டம் ஒன்றை அங்கே இடுவர்.

இரட்டை எழுத்துகளையும் கூட்டெழுத்துகளையும் சேர்த்து எண்ணினால், முதலிடத்திற்கு வரக்கூடியவை 19, நடுவிடத்திற்கு 21, இறுதியிடத்திற்கு 27. இறுதி மெய் இல்லாத நிலையையும் ஒன்றாகக் கொண்டால் 28. எனவே இன்றைய எழுத்துகளால் அமையக்கூடிய அசைகள் மொத்தம் 19 × 21 × 28 = 11,172 ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை எந்தச் சொல்லிலும் வாராதவை. எனினும் எழுத்தின் இலக்கணப்படி ஒவ்வொன்றும் எழுதத்தக்கதே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வோம்.

கணிப்பொறியின் முன் இரண்டு வழிகள்

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண்ணையே அது நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தின் முதற் பெரிய எழுத்துக்கு எண் 65. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் நம் அகரத்துக்கு எண் 2949. திரையில் நாம் காணும் வடிவம், அந்த எண்ணைப் பார்த்து வரையப்படும் படமே.

ஆங்கிலத்திற்கு நூறு எண்களுக்குள் வேலை முடிந்துவிடும். கொரிய மொழிக்கு என்ன செய்வது? இரண்டு வழிகள் தோன்றின.

முதலாவது சேர்ப்பு முறை. ஒரு கணிப்பொறியின் நினைவகத்தில் 16 சிறு விளக்குகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் எரியும் அல்லது அணைந்திருக்கும். இதனையே பிட் என்பர். ஒரு விளக்கை அடையாளத்திற்கு ஒதுக்கிவிட்டு, மீதி 15-ஐயும் ஐந்தைந்தாக மூன்று கூறு செய்வர். ஐந்து விளக்குகளால் 32 வகை நிலைகளைக் காட்டலாம். முதல் மெய் 19, உயிர் 21, இறுதி 28 என்னும் மூன்றும் 32-க்குள் அடங்கிவிடுகின்றன. எனவே 11,172 அசைகளில் எதனையும் இம்முறையில் எழுதலாம். ஆனால் பிற நாட்டுக் கணிப்பொறிகள் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளப் பின்பற்றிய பொது விதிகளோடு இம்முறை ஒத்துப்போகவில்லை.

இரண்டாவது முழுவடிவ முறை. எழுத்துகளைத் தனித்தனியே நோக்காமல், கட்டி முடித்த அசைக்கே ஓர் எண் கொடுப்பது. அன்றைய பொது விதிப்படி ஒரு மொழிக்குக் கிடைத்த இடம் 94 வரிசை, வரிசைக்கு 94 கட்டம். ஆக 8,836 கட்டங்கள். 11,172 அசைகளும் அதில் அடங்கா. போதாததற்குக் கொரியர் இன்னும் கையாண்டு வந்த சீன எழுத்துகளுக்கும் இடம் தர வேண்டியிருந்தது.

1987-ஆம் ஆண்டில் தென்கொரியா இரண்டாவது வழியையே நாட்டின் தரமாக ஏற்றது. 4,888 சீன எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஹங்குல் அசைகளுக்குக் கிடைத்தவை 2,350 இடங்கள். மிகுதியாக வழங்கும் அசைகளாகப் பார்த்து அவற்றில் அமர்த்தினர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உள்ளே வந்தது. ஐந்தில் நான்கு பங்கு வெளியே நின்றது.

வெளியே நின்றவர்கள்

செய்தித்தாளில் வரும் செய்திகளுக்கு 2,350 அசைகள் ஏறக்குறையப் போதும். அதனால் குறை உடனே கண்ணில் படவில்லை. ஆனால் வழக்குச் சொற்களும் விளையாட்டுச் சொற்களும் அயல்நாட்டுப் பெயர்களும் பட்டியலைப் பார்த்துக்கொண்டா பிறக்கின்றன? 1990-இல் தென்கொரியத் தொலைக்காட்சியில் ஒரு தொடர்நாடகம் வந்தது. அதன் பெயரில் முதல் அசை 'த்தொம்'. பட்டியலில் அந்த அசை இல்லை. நாடே பேசிய பெயரை அரசின் தரத்தை மட்டும் பின்பற்றிய கணிப்பொறிகளில் எழுத இயலவில்லை.

நாடகத்தின் பெயராவது போகட்டும். மனிதர் பெயர் அப்படி விடக்கூடியதா? பெற்றோர் அன்போடு தேடி இட்ட அருமையான பெயரில் அத்தகைய ஓர் அசை இருந்துவிட்டால், பதிவேடுகளிலும் அட்டைகளிலும் அப்பெயர் பிழையாகவோ குறையாகவோ பதியப்பட்டது. பெயருக்கு உரியவர் என்ன தவறு செய்தார்? பட்டியல் எழுதியவர்கள் அவரை நினைக்கவில்லை, அவ்வளவே.

குறையைக் கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1989-இல் வெளிவந்த 'ஹங்குல்' என்னும் கொரிய எழுத்துச் செயலி, சேர்ப்பு முறையைக் கையாண்டு எல்லா அசைகளையும் எழுத வழி செய்தது. மக்களிடம் பெருஞ் செல்வாக்கும் பெற்றது. 1992-இல் நாட்டின் தரமும் சேர்ப்பு முறைக்கு ஓர் இணைப்பாக இடம் தந்தது. 1995-இல் வந்த விண்டோஸ் 95, விடுபட்ட 8,822 அசைகளையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் பழைய எண்களை மாற்ற இயலாமையால், கிடைத்த சந்துபொந்துகளில் அவற்றைச் செருக வேண்டியதாயிற்று. அகரவரிசை குலைந்தது. தாமதமாய் வந்த பிள்ளைகளை வகுப்பின் மூலைகளில் உட்கார வைத்தது போல் அது இருந்தது.

பட்டியலுக்குப் பதில் ஒரு கணக்கு

உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே எண்முறை வேண்டும் என்று எழுந்த யூனிகோடும் முதலில் இதே வழியில்தான் சென்றது. 1991-இல் அதிலும் 2,350 அசைகளே இருந்தன. 1993-இல் அவை 6,656 ஆயின. அப்போதும் வெளியே நின்றவை பல. இறுதியில் 1996-இல் துணிவான முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. பழைய இடத்தை அடியோடு விட்டுவிட்டு, 11,172 அசைகளையும் புதிய இடத்தில் ஒழுங்காக வரிசைப்படுத்தினர். பழைய எண்களில் எழுதப்பட்டவை அதனால் பொருளிழந்தன. இனி ஒரு தரம் கொடுத்த எண்ணை என்றும் மாற்றுவதில்லை என்னும் உறுதியையும் யூனிகோடு மேற்கொண்டது.

புதிய வரிசையின் அழகைக் காண்போம். பெரியதொரு மண்டபத்தில் 11,172 நாற்காலிகள் போடப்பட்டுள்ளன. முதல் நாற்காலியின் எண் 44,032. ஒவ்வொரு முதல் மெய்க்கும் 21 × 28 = 588 நாற்காலிகள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அப்பகுதிக்குள் ஒவ்வோர் உயிருக்கும் 28 நாற்காலிகள் கொண்ட ஒரு வரிசை. வரிசைக்குள் இறுதி மெய் வாராத அசைக்கு முதல் நாற்காலி. மற்றவை முறைப்படி அதற்கு அடுத்தடுத்து.

'ஹன்' எங்கே அமர்ந்திருக்கிறாள்? முதல் மெய்களில் ஹகரம் கடைசி. அதற்கு முன் 18 மெய்கள் உள்ளன. 18 × 588 = 10,584. அகரம் உயிர்களில் முதலாவது. அதற்கு முன் எதுவும் இல்லை. இறுதி வரிசையில் 'ன்' என்பதற்கு முன் 4 இடங்கள் உள்ளன. 10,584 + 0 + 4 = 10,588. இதனோடு 44,032-ஐக் கூட்டினால் 54,620. அதுவே 'ஹன்' என்பதன் எண்.

எண்ணிலிருந்து எழுத்துக்குத் திரும்பவும் வழியுண்டு. 54,620-இல் 44,032-ஐக் கழித்தால் 10,588. அதனை 28-ஆல் வகுத்தால் ஈவு 378, மீதி 4. மீதி இறுதி மெய்யைச் சொல்கிறது. 378-ஐ 21-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 0. மீதி உயிரையும் ஈவு முதல் மெய்யையும் சொல்கின்றன. பட்டியல் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

அன்று இடம் மறுக்கப்பட்ட 'த்தொம்' எங்கே? முதல் மெய்க்கு முன் 4, உயிருக்கு முன் 8, இறுதி மெய்க்கு முன் 16. 4 × 588 = 2,352; 8 × 28 = 224. 2,352 + 224 + 16 = 2,592. 44,032-ஐக் கூட்ட 46,624. மூலையில் அன்று, தனக்குரிய வரிசையில், தனக்குரிய நாற்காலியில் அவளும் அமர்ந்துவிட்டாள்.

தனி எழுத்துகளையும் யூனிகோடு கைவிடவில்லை. சேஜோங் மன்னர் காலத்துப் பழைய எழுத்துகள் இந்த 11,172-இல் இல்லை. பழம் நூல்களை எழுத, முதல் மெய், உயிர், இறுதி மெய் ஆகியவற்றுக்குத் தனித்தனி எண்களும் தரப்பட்டுள்ளன. எனவே 'ஹன்' என்பதை ஒரே எண்ணாகவும் எழுதலாம்; மூன்று எண்களைச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது விதி. இவ்விதியை மதியாத செயலிகளில்தான், கட்டத்துக்குள் இருக்க வேண்டிய எழுத்துகள் உதிர்ந்த மணிகளைப் போல் தனித்தனியே கிடக்கக் காணலாம்.

விசைப்பலகையில் தட்டுவதோ எப்பொழுதும் தனி எழுத்துகளைத்தான். கொரியாவின் பொதுவான விசைப்பலகையில் மெய்கள் இடக்கைக்கும் உயிர்கள் வலக்கைக்கும் உரியன. 'ஒன்று' என்னும் பொருளுடைய 'ஹனா' என்ற சொல்லைத் தட்டும்போது, மூன்றாவது எழுத்து வந்ததும் திரையில் 'ஹன்' தோன்றும். அடுத்த உயிரைத் தட்டியவுடன் 'ன்' கீழிருந்து குதித்தோடி, அடுத்த கட்டத்தில் 'னா' ஆகிவிடும். இப்படித் தோன்றி மறைவதைக் கொரியர்கள் வேடிக்கையாகக் 'கொள்ளிவாய்ப் பேய்' என்னும் பொருளுடைய சொல்லால் அழைக்கின்றனர்!

நம் எழுத்தும் அவர்கள் எழுத்தும்

மெய்யும் உயிரும் கூடி ஓருருவாகும் முறை நமக்குப் புதியதன்று. நம் உயிர்மெய் எழுத்துகள் அவ்வாறு பிறந்தவையே. யூனிகோடில் தமிழ், உறுப்புகளைச் சேர்க்கும் வழியில் செல்கிறது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. 'கொரியா' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். கணிப்பொறியின் நினைவிலோ ஆறு எண்கள். ககரத்திற்கு ஒன்று, ஒகரக் குறிக்கு ஒன்று, இவ்வாறே மற்றவையும். கைபேசியில் 'கொ' என்பதை அழிக்கும்போது சில வேளை குறி மட்டும் மறைந்து ககரம் நிற்பதைத் தோழியர் கண்டிருக்கலாம். அதற்குக் காரணம் இதுவே.

நாம் கற்றுக்கொள்வது

1987-இல் பட்டியல் வகுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். இருந்த இடத்தில் மிகுதியானோருக்குப் பயன்படும்படி செய்தனர். ஆயினும், பட்டியல் எழுதுபவர் தமக்குத் தெரிந்தவரை மட்டுமே அதில் எழுத முடியும். விதி வகுப்பவரோ தமக்குத் தெரியாதவருக்கும், இனிப் பிறக்கப் போகிறவருக்கும் சேர்த்து இடம் வைக்கிறார். யாரும் ஒருபோதும் எழுதாத அசைக்கும் அந்த மண்டபத்தில் இன்று ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதனால் யாருக்கும் நட்டமில்லை. நாளை ஒரு தாய் அவ்வசையைத் தன் மகளுக்குப் பெயராக்கினால், அப்பெண்ணைப் பார்த்து 'உன் எழுத்து இல்லை' என்று எந்தக் கணிப்பொறியும் சொல்ல வேண்டியிராது.

எழுத்துக்கு வெளியே நின்ற மக்களை உள்ளே அழைப்பதற்காகவே சேஜோங் மன்னர் 28 எழுத்துகளை ஆக்கினார். ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே எழுத்தில் வெளியே நின்ற அசைகளை ஓர் எளிய பெருக்கற் கணக்கு உள்ளே அழைத்து வந்தது. நம்முள் சிலர் நாளை ஆசிரியைகளாவோம். சிலர் அலுவலகங்களில் பட்டியல்கள் வகுப்போம். சிலர் கணிப்பொறிகளுக்கே விதிகள் எழுதுவோம். அப்போது பேனாவை வைக்குமுன் ஒரு கணம் நின்று, "இதில் யாரேனும் விடுபட்டிருக்கிறார்களா?" என்று கேட்டுக்கொள்வோமாக. பதிவேட்டில் தன் பெயர் ஒலிக்கக் காத்திருக்கும் கடைசிப் பெஞ்சுச் சிறுமியும் எழுந்து நின்று "உள்ளேன் அம்மா" என்று சொல்லட்டும்.